நுவரெலியாக் குளிரை நம்பி ஹஸ்கி வாங்குபவர்களுக்கு

சென்ற மாதமும் ஒரு ஹஸ்கி வந்தது. ஒன்றரை வயது ஆண் நாய். கழுத்துப்பட்டிக்குக் கீழே மயிர் தேய்ந்து தோல் கறுத்திருந்தது. சங்கிலியைக் கடித்துக் கடித்துக் கோரைப் பற்களின் முனைகள் மழுங்கியிருந்தன. "டொக்டர், இதால பெரிய கரைச்சல். இதைக் குடுத்துட்டு அல்சேஷன் எடுத்தா சரியா வருமா?" என்று கேட்டார் வளர்ப்பவர். ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வருபவர்கள் இதையே கேட்பதால், இனியும் வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதிவிடுகிறேன்.

"இங்கே குளிர்தானே, ஹஸ்கிக்கு ஒத்துவரும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் நியாயம். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். கம்பளி தேடும் நமக்கு அது குளிராக இருக்கலாம். பனிவெளியில் சுருண்டு உறங்கக்கூடிய நாய்க்கு அது குளிரே அல்ல. மேலும், சைபீரியாவின் குளிர் வறண்டது. நம்முடையது மூடுபனியும் மழையும் கலந்த ஈரக் குளிர். அடர்ந்த உள்மயிர் நனைந்து நாள்கணக்கில் உலராமல் கிடந்தால் தோல் புண்ணாகிறது. அதற்காக மொட்டையடித்துக் கொண்டுவராதீர்கள். தோல்வரை துடைத்து, சீவி, உலர்த்துங்கள்.

இவை அனைத்தும் ஒத்துவந்தாலும், குளிர் நாயின் ஓட்டத்தைக் குறைத்துவிடாது. வடகிழக்குச் சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுப்பதற்கென்றே வளர்த்த இனத்திலிருந்து வந்தது ஹஸ்கி. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா பரவியபோது, ஏறத்தாழ 1,085 கிலோமீற்றர் தூரத்தை ஐந்தரை நாட்களில் அணி மாற்றி அணியாக ஓடி மருந்தைக் கொண்டுசேர்த்த நாய்களில் இவ்வகையினவும் இருந்தன. அத்தகைய நாயைக் கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டிவைத்தால் அது சங்கிலியைக் கடிக்காமல் வேறு எதைக் கடிக்கும்? அவிழ்த்துவிட்டாலோ வேலிக்கு அடியில் தோண்டி வெளியேறி, பக்கத்து லயத்துக் கோழிகளைத் துரத்தும். காவலுக்கும் உதவாது, அந்நியரிடமும் வாலாட்டும்.

அல்சேஷன் வேறு குணம். 1899இல் ஜெர்மனியில் ஆட்டு மந்தை காக்கும் நாய்களிலிருந்து உருவாக்கப்பட்ட இனமாதலால், மனிதர் சொல்வதைக் கேட்டு வேலைசெய்ய விரும்பும்; பழக்குபவர் இருந்தால் ஹஸ்கியைவிட நம் வீடுகளுக்கு அதுவே ஏற்றது என்பேன். பழக்காமல் கட்டிவைத்தால், வாசலோரம் கொழுந்துக்குப் போகிறவர்களையும் தபால்காரரையும் கடிக்கும் நாயாகிவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். குட்டியின் தாயையாவது நடக்கவிட்டுப் பாருங்கள். வளரும் குட்டியை நம் கல்படிகளில் நாள் முழுவதும் ஏற்றி இறக்காதீர்கள். ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துத் துள்ளினால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

எந்த இனமானாலும் காலையும் மாலையும் கூட்டிக்கொண்டு ஓடப்போவது யார் என்பதை வாங்குமுன் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது பதில் ஆகாது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் பார்க்கமாட்டார்கள். ஆள் இருந்து, உயரமான, அடியும் அடைத்த வேலி இல்லையென்றால் ஹஸ்கியை விட்டுவிடுங்கள். ஆளும் இல்லையென்றால் இரண்டும் வேண்டாம். சாந்தமான நாட்டுநாய்க் குட்டி ஒன்றை எடுங்கள், தயவுசெய்து.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்), விசர்நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். தேயிலைக்குள் போய்வந்த நாயின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். கொழும்புக்குக் கூட்டிச்செல்லும்போது, பூட்டிய வாகனத்தில் ஐந்து நிமிடம்கூட விட்டுச்செல்லாதீர்கள். இரவில் வெளியே கட்டாதீர்கள். தோட்டங்களுக்குள் சிறுத்தை நடமாடுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டுக்குள்ளோ, மேலேயும் கம்பிவலை அடித்த கூட்டுக்குள்ளோ படுக்கவிடுங்கள்.