வலிக்காத கறுப்புப் புண்

போன வாரம் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். முன்கையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கரியாய்க் கறுத்த பொருக்கு. முழங்கை வரை வீக்கம். அதைச் சுற்றிக் காவி. அக்கி என்று எழுதிவிட்டார்களாம்.

"எத்தனை நாளாச்சு?"

"ஆறு நாள் சார். வலியே இல்ல, அதான் வரல."

இந்த 'வலியே இல்ல'யைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அக்கி என்றால் எரியும், கட்டி என்றால் குத்தும். கையே வீங்கியிருக்கிறது, நடுவில் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை, அதுவும் கறுத்திருக்கிறது என்றால், அந்த வலி இல்லாததுதான் ஐயா அடையாளம்! அடைப்பான். ஆடு மாட்டுக்கு வருகிற அதே அடைப்பான், ஆந்த்ராக்ஸ்.

தொழிலைக் கேட்டேன். (பயிற்சி டாக்டர்களே, புண்ணைப் பார்க்கும் முன் இதைக் கேளுங்கள்.) மூன்று தலைமுறைக் கதை வந்தது. தாத்தா காலத்தில் சொந்த ஆட்டு ரோமம். வில்லில் அடித்து, ராட்டையில் நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுக் கம்பளி நெய்தார்கள். கம்பளி வாங்க ஆளில்லாமல் போனதும், அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்பு போட்டு எடுத்த ரோமத்தை மூட்டையாக வாங்கிக் கழுவிப் பிரித்து விற்றார். ரோமம் பிரிக்க மெஷின் வாங்கியது இவர். எல்லாம் வீட்டுக் கொல்லையில்தான்.

"சமீபத்துல ஆடு ஏதாவது செத்துச்சா?"

மழைக்கப்புறம் ஒன்று திடீரென்று விழுந்ததாம். மூக்கில் கறுப்பாய் ரத்தம், "லேசா". ரோமம் வீணாகக் கூடாதென்று கத்தரித்திருக்கிறார்.

"கழுவி வெயில்ல காய வெச்சிட்டோம் சார்."

வெயிலுக்கு இந்தக் கிருமி சாகாது. மண்ணிலேயே பல ஆண்டுகள் வித்தாகக் கிடக்கும் அது. சுண்ணாம்பையும் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளில் ரோமம் தரம் பிரித்தவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். காரணம் இதுதான் என்று ஜான் ஹென்றி பெல் என்ற உள்ளூர் டாக்டர் 1879-80ல் காட்டினார். வெறும் சலவை போதுமென்றால், 1921ல் லிவர்பூலில் ரோமத்தை ஃபார்மலின் என்ற கிருமிகொல்லிக் கரைசலில் நனைக்க அரசே தனியாக நிலையம் திறந்திருக்குமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திடீரென்று செத்த ஆட்டை அறுக்காதீர்கள், உரிக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். கறி வேண்டவே வேண்டாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். ரத்தக்கறை பட்ட ரோமத்தை மெஷினில் போடாதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போய் நோய் வந்தால் பிழைப்பது கஷ்டம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு ரோம வேலை வேண்டாம். புண்ணைக் கீறாதீர்கள். மருந்தில்லாமல் விட்டால் நூற்றுக்கு இருபது பேர் வரை போகக்கூடிய இந்தப் புண், நேரத்தோடு வந்தால் சாதாரண பென்சிலினிலேயே அடங்கிவிடும். ஆட்டுக்கான தடுப்பூசி நம்ம ராணிப்பேட்டையிலேயே, 1932ல் தொடங்கிய நிலையத்தில், தயாராகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை போட என்ன கஷ்டம்?

அவருக்கு ஊசி போட்டு, வார்டுக்கு அனுப்பும்போது கேட்டேன், அந்த ரோமம் இப்போ எங்கே என்று.

"வீட்டுல பசங்க பிரிச்சிட்டு இருக்காங்க சார்."

போனைக் கையில் கொடுத்து, அங்கேயே நிற்கவைத்துப் பேசச் சொன்னேன்.