முள்ளங்கி நம்மள ஏன் லேசா மிரட்டுது?

போன சனிக்கிழமை பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்ல முள்ளங்கி வாங்கப் போனேன், கடைக்கார அண்ணன் ஒன்ன ஒடிச்சு "சாப்ட்டு பாருங்கக்கா, இனிப்பா இருக்கும்"னு நீட்டினாரு. மொதல்ல இனிப்பு தான், ரெண்டு செகண்ட் கழிச்சு மூக்குக்கு ஏறுச்சு பாருங்க! அந்த ரெண்டு செகண்ட்ல தான் விஷயமே இருக்கு.

முழுசா இருக்கற முள்ளங்கிக்குள்ள அந்தக் காரம் கிடையாது. குளுக்கோசினோலேட்னு ஒரு சரக்கு, மைரோசினேஸ்னு ஒரு என்சைம், ரெண்டையும் செடி தனித்தனியா பூட்டி வச்சிருக்கும். பூச்சி கடிச்சாலோ நம்ம பல்லு பட்டாலோ செல் உடைஞ்சு ரெண்டும் கலந்து ஐசோதயோசயனேட்னு காட்டமான ஒண்ணு உருவாகும். கடுகு, முட்டைகோஸ், ப்ராக்கோலி, ஏன் முருங்கைக்கீரையில கூட இதே ஏற்பாடு தான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாதும்பாங்க, ஆனா தாளிச்ச கடுக மென்னு பாருங்க, காரம் இருக்காது, சூட்டுல அந்த என்சைம் செத்துருது.

சரி, பூச்சிய விரட்ட செடி செஞ்ச விஷம் நமக்கு எப்படி நல்லது பண்ணும்? விளம்பரத்துல ஆன்டிஆக்ஸிடன்ட் உள்ள போய் கெட்டதையெல்லாம் அடிச்சு விரட்டற மாதிரி காட்டுவாங்க, எனக்கு அந்தக் கதையில நம்பிக்கை இல்ல, சாப்பாட்டுல இருந்து ரத்தத்துக்குப் போற அளவு அந்த வேலைக்கு ரொம்பவே கம்மி. நடக்கறது வேற.

நம்ம செல்லுக்குள்ள நெர்ஃப்2, கீப்1னு ரெண்டு புரோட்டீன் இருக்கு. சாதாரண நாள்ல செல் நெர்ஃப்2-வ செஞ்சுகிட்டே இருக்கும், கீப்1 அதப் புடிச்சு குப்பைக்கு அனுப்பிட்டே இருக்கும் (வெட்டி வேலை மாதிரி தெரியும், ஆனா அவசரத்துக்கு ஆள் கையிலயே இருக்கணும்ல). ஐசோதயோசயனேட் வந்து கீப்1-ல இருக்கற சல்ஃபர்ல ஒட்டிக்கும், கீப்1-க்கு அதுக்கப்புறம் நெர்ஃப்2-வ குப்பைக்குத் தள்ள முடியாது, தப்பிச்ச நெர்ஃப்2 நேரா நியூக்ளியஸுக்குப் போய் செல்ல பாதுகாக்கற குளுட்டதயோன் தயாரிக்கற ஜீன், நச்ச வெளியேத்தற ஜீன்னு வரிசையா ஆன் பண்ணிரும். எங்க அபார்ட்மென்ட்ல யாரோ கேட்ட லேசா ஆட்டிட்டுப் போனா, தூங்கிட்டிருந்த செக்யூரிட்டி எந்திரிச்சு எல்லா லைட்டயும் போட்டு மோட்டார் ரூம் வரைக்கும் செக் பண்ணுவாரே, அதே தான். கேட்ட ஆட்டினவன் திருடனே இல்ல, ஆனா அன்னைக்கு ராத்திரி பில்டிங் பத்திரமா இருக்கும். கேட்டையே பேத்து எடுத்தா கதை வேற, அதனால அளவு முக்கியம்.

இதுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்னா, வயசாக ஆக இந்த செக்யூரிட்டி எந்திரிக்கறதே லேட்டாகுது. 2008-ல பழ ஈக்கள்ல கீப்1 ஜீனோட ஒரு காப்பிய எடுத்துப் பாத்தாங்க, ஆண் ஈக்கள் கூடுதல் நாள் வாழ்ந்துச்சு. மனுஷங்க ஆயுசு இதால கூடும்னு எந்த சோதனையும் இன்னும் நிரூபிக்கல.

மாத்திரை விக்கறவங்க இந்தக் கடைசி வரிய மட்டும் சொல்ல மாட்டாங்க. திராட்சைக்கு பூஞ்சை புடிச்சா ரெஸ்வெரட்ரால்னு ஒண்ண செய்யும், 2003-ல அது ஈஸ்ட்டோட ஆயுள கூட்டுதுன்னு பேப்பர் வந்துச்சு, 2008-ல கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 72 கோடி டாலர் குடுத்து இத வச்சு மருந்து தேடின சர்ட்ரிஸ் கம்பெனியவே வாங்கிருச்சு, 2013-ல அத மூடியாச்சு. ரெஸ்வெரட்ரால் குடுத்தும் சாதாரண தீனி தின்ன எலிங்க கூடுதலா வாழல. எனக்கு பெங்களூர் ப்ளூ திராட்சையே போதும், தோலோட.

மஞ்சள் கதை நம்ம ஊருது. இங்க செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல 1998-ல 2 கிராம் குர்க்குமின (மஞ்சள் சத்து) மட்டும் குடுத்தாங்க, ரத்தத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியல, கூட 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகுச் சத்து) சேத்ததும் உடம்புல சேர்றது 20 மடங்கு ஆச்சு. கல்லீரலும் குடலும் அத வெளிய தள்ளற வேலைய மிளகு ஸ்லோ பண்ணுது. அதே மாதிரி சில மருந்துங்க வெளிய போறதும் ஸ்லோ ஆகும், அதனால ரெகுலரா மாத்திரை போடறவங்க குர்க்குமினும் பைப்பரினும் சேந்த கேப்ஸ்யூல் பக்கம் டாக்டர கேக்காம போகாதீங்க, ரசத்துல போடற மிளகுக்கு இந்த பயம் வேண்டாம்.

முட்டைகோஸ நறுக்கி அரை மணி நேரம் விட்டுட்டு அடுப்புல வச்சா என்சைம் சாகறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். மறந்துட்டா வெந்தப்புறம் பச்சைக் கடுகுப் பொடி ஒரு சிட்டிகை, அதுலயும் அந்த என்சைம் இருக்கு. வெந்த ப்ராக்கோலியில இப்படி தூவிக் குடுத்து மனுஷங்ககிட்ட சோதிச்சப்ப சல்ஃபோரஃபேன் (ப்ராக்கோலியோட ஐசோதயோசயனேட்) 4 மடங்குக்கு மேல கிடைச்சுது. பக்கத்து வீட்டு கன்னட ஆன்ட்டி பச்சைக் கடுகையும் தேங்காயையும் அரைச்சு தயிர்ல கலந்து சாசிவெ பண்ணுவாங்க, அவங்ககிட்ட இதச் சொன்னேன், "நிமகே ஈக கொத்தாய்தா?" (உங்களுக்கு இப்ப தான் தெரிஞ்சுதா?)ன்னு சிரிச்சாங்க. நான் பொரியல்ல தூவிப் பாத்தேன், லேசா கசந்துச்சு, வீட்டுக்காரர் பாதிய தட்டு ஓரமா ஒதுக்கிட்டாரு.