ஊடுகதிர் அல்ல, மில்லிமீற்றர் அலை

பக்கத்து லயத்துப் பிள்ளை ஒருத்தி ஹற்றன் பஸ் நிலையத்தில் என்னைக் கேட்டாள்: "மாமா, விமான நிலையத்துல ஊடுகதிர்க் கூண்டுக்குள்ள நிக்கச் சொல்றாங்களாமே, வயித்துப் பிள்ளையோட நிக்கலாமா?" ஐந்து மாதக் கர்ப்பிணி, வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் போகிறவள். 'மறைத்த ஆயுதங்களைக் காட்டும் மில்லிமீற்றர் ஊடுகதிர்' என்று ஏதோ மொழிபெயர்ப்புச் செய்தியில் படித்திருக்கிறாள். அந்தச் செய்தி சொல்லும் கூண்டில் வேலை செய்வது ஊடுகதிர் அல்ல, மில்லிமீற்றர் அலை. இந்தப் பிழையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மில்லி என்பது இலத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. மீற்றர் கிரேக்க வழி வந்தது, அளவு என்று பொருள். அலைநீளம் 1 முதல் 10 மில்லிமீற்றர் வரை உள்ள அலைக்கு இந்தப் பெயர். 1890களிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இவ்வகை அலைகளை ஆராய்ந்தார். சரி, பெயர்க்கதை அவ்வளவுதான்.

ஊடுகதிர் நல்ல சொல், ஆனால் அது எக்ஸ்ரேக்கு உரியது. சதையை ஊடுருவி எலும்பைக் காட்டுவதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. மில்லிமீற்றர் அலை சேலையையும் கம்பளியையும் கடக்கும். தோலைத் தொட்டதும் ஒரு பகுதி திரும்பிவிடும், மீதி தோலோடு நின்றுவிடும். திரும்பி வருவதை வைத்துத்தான் படம் எழுகிறது. இடுப்பில் செருகிய கத்தி இரும்பானாலும் பீங்கானானாலும் வேறாகத் தெரியும். எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலத்திரனைப் பிடுங்கி உடலுக்குக் கெடுதல் செய்யும் வலு இந்த அலைக்கு இல்லை. தோலோடு நிற்கும் அலைக்கு 'ஊடு' எதற்கு? அந்த ஒரு சொல்தான் இந்தப் பிள்ளையைப் பயமுறுத்தியது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'மீச்சிற்றலை' என்கிறார்கள். தமிழ் மீதுள்ள அவர்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் சிற்றலை என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு வானொலிதான் நினைவுக்கு வரும். 25 மீற்றர், 31 மீற்றர் என்று முள்ளைத் திருப்பியவர்கள் அவர்கள். அந்த அலை இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீளமானது. முன்னால் ஒரு 'மீ' போட்டால் அந்தத் தூரம் தெரியுமா? நுண்ணலை (மைக்ரோவேவ்) என்பதும் தவறில்லை, ஆனால் அடுப்பில் சோறு சூடாக்கும் அலையும் அதற்குள்தான் வருகிறது. மில்லிமீற்றரோ பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தில் இருக்கிறது. ஆகவே மில்லிமீற்றர் அலை, மில்லிமீற்றர் அலைச் சோதனை என்றே எழுதலாம்.

'ஆயுதம் கண்டுபிடிக்கும் கருவி' என்பதும் அரைகுறை. கருவிக்கு ஆயுதம் எது, மடித்த கைக்குட்டை எது என்று தெரியாது. உடலில் வேறாகத் தெரியும் இடத்தைக் குறித்துக் காட்டும், அப்புறம் பார்ப்பது மனிதர்தான். கருவி எப்படி வேலை செய்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் ஐந்து நிமிடம் படித்திருந்தால் போதும்.

அந்தப் பிள்ளைக்கு, "இது எக்ஸ்ரே இல்லம்மா, உடுப்பைத் தாண்டித் தோலோட நின்னுடும்" என்றேன். அப்பவும் பயமாக இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.