சொல் விளக்கம்: ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸ் – தொழில் வரம்பு

“பி.ஃபார்ம் படிச்சா ஸ்கோப் இருக்கா?” பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வியில் ‘ஸ்கோப்’ என்றால் வேலைவாய்ப்பு, எதிர்காலம், நாலு காசு பார்க்க வழி. தமிழ்ப் பேச்சில் அந்தச் சொல் இப்படி ஊன்றிப்போனதால், அமெரிக்க மாநிலச் சட்டங்களைப் பற்றிய செய்திகளைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். பார்மசிஸ்டுகளின் ‘ஸ்கோப் ஆஃப் பிராக்டிஸை’ விரிவாக்க ஒரு மாநிலம் சட்டம் போட்டது என்றால், அவர்களுக்கு வேலைவாய்ப்பு பெருகியது என்று பொருளல்ல. உரிமம் பெற்ற ஒருவர் அந்த உரிமத்தின் பேரில் எதையெல்லாம் செய்யலாம், எதை மருத்துவரின் சம்மதத்தோடு செய்யலாம், எதில் கையே வைக்கக் கூடாது என்று சட்டம் வகுத்து வைத்திருக்கும் அளவுக்குத்தான் அந்தப் பெயர்.

அமெரிக்காவில் இந்த அளவை வகுப்பது மாநிலங்கள். ஒரு மருந்தை விற்கலாமா என்று ஒன்றிய அரசின் எஃப்.டி.ஏ. முடிவு செய்யும், அதை எழுதிக் கொடுக்க யாருக்கு அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும். அதனால் ஐடஹோவில் பார்மசிஸ்ட் சட்டப்படி செய்கிற ஒரு வேலை, பக்கத்து மாநிலத்தில் உரிமத்தையே பறிக்கிற குற்றமாக இருக்கலாம்.

இனி சொல்லின் வேர். கிரேக்கத்தில் ‘ஸ்கோப்போஸ்’ என்றால் பார்ப்பவன், காவலுக்கு நிற்பவன். அதோடு, வில்லாளி கண் வைக்கும் குறியும் அதுதான். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப், ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றிலும் இருப்பது இந்தப் பார்வைதான். இத்தாலியத்தில் ‘ஸ்கோப்போ’ இன்றும் குறிக்கோளைத்தான் குறிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியம் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதே பொருள்தான். பிறகு அங்கே பொருள் நகர்ந்தது: குறி என்பது மாறி, கை எட்டும் வீச்சு, இயங்க இருக்கும் இடம் என்றானது. சட்டம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை.

தமிழிலும் ‘நோக்கு’ என்றால் பார். அதிலிருந்து பிறந்த ‘நோக்கம்’ குறிக்கோள். கிரேக்கச் சொல் போன அதே வழியில் நம் சொல்லும் தனியாகப் போயிருக்கிறது. வேர்ச்சொல் ஆய்வில் ஆர்வமுள்ளவர்களுக்கு இனிக்கிற விஷயம்தான். ஆனால் மொழிபெயர்ப்பில் இதுவே காலை வாருகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ‘நடைமுறையின் நோக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘பயிற்சியின் நோக்கம்’ என்றும் பார்க்கலாம். இரண்டுமே தவறு. ஆங்கிலச் சொல் எப்போதோ விட்டுவிட்டு வந்த பொருளை அவை பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

‘பிராக்டிஸ்’ பகுதியில் சிக்கல் குறைவு. “டாக்டர் தனியா பிராக்டிஸ் பண்றார்” என்று நாம் சொல்லும்போது அவர் பயிற்சி எடுக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. தொழில் நடத்துகிறார், அவ்வளவுதான். ஆகவே ‘தொழில்’ போதும்.

மற்ற பாதிக்குப் புழக்கத்தில் இருப்பவை பணி எல்லை, செயல் எல்லை, நோக்கெல்லை போன்றவை. ‘பணி எல்லை’ ஒரு போலீஸ் நிலையத்தின் எல்லை மாதிரி, நிலப்பரப்பை நினைவுபடுத்துகிறது. ‘நோக்கெல்லை’ இரண்டு பொருளையும் விடாமல் கட்டிய கூட்டுச்சொல். படிக்கிறவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. என் தேர்வு ‘தொழில் வரம்பு’. காரணம் எளிது. எல்லையை யாரும் ‘தாண்டலாம்’. வரம்பை ‘மீறத்தான்’ முடியும். ஒழுங்கு, விதி, அதை உடைத்தால் தண்டனை என்கிற வாடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உரிமத்துக்கு வெளியே வேலை செய்த பார்மசிஸ்ட் மீது மாநில பார்மசி வாரியம் எடுக்கும் நடவடிக்கைக்கு ‘வரம்பு மீறல்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

சரி, இந்த வரம்பு எவ்வளவு குறுகலாக இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போதைய சட்டங்களின் கனம் புரியும். அமெரிக்க பார்மசிஸ்டுகளின் தேசியச் சங்கம் 1952இல் வெளியிட்ட நெறிமுறையில், மருந்துச் சீட்டில் உள்ள மருந்து என்ன செய்யும், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை நோயாளியோடு பார்மசிஸ்ட் பேசுவதில்லை என்றே எழுதியிருந்தது. கேட்டால், டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட வேண்டும். மருந்தைப் பற்றி அதிகம் படித்தவர் மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது! 1969இல் நெறிமுறை திருத்தப்பட்டபோது இது போயிற்று.

சட்டப்புத்தகத்தில் முதல் பெரிய அசைவு 1979இல், வாஷிங்டன் மாநிலத்தில். ஒரு மருத்துவரும் ஒரு பார்மசிஸ்டும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால், அதில் குறித்தபடி மருந்தின் அளவை மாற்றவும் புதிதாகத் தொடங்கவும் பார்மசிஸ்டுக்கு வழி பிறந்தது. கூட்டு ஒப்பந்தம் என்று இதைச் சொல்லலாம். அதிகாரம் மருத்துவருடையது, பார்மசிஸ்ட் அதை இரவல் வாங்கிப் பயன்படுத்துகிறார். நியூ மெக்சிகோ 1993இல் கூடுதல் பயிற்சி பெற்றவர்களுக்கென்று ஒரு தனி உரிமத்தையே உண்டாக்கியது.

அப்புறம் தடுப்பூசி. 1990களின் நடுவில் பார்மசிஸ்டுகளுக்கு ஊசி போடும் பயிற்சி தொடங்கியது. 2009க்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் அனுமதித்துவிட்டன. பொதுமக்கள் மனத்தில் மருந்துக்கடையை மாத்திரை வாங்கும் இடம் என்பதிலிருந்து நகர்த்தியது இதுதான் என்பேன். சட்டமன்ற உறுப்பினரும் அந்தக் கடையில்தானே சட்டைக் கையை மடித்துவிட்டு ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார்.

கலிஃபோர்னியா 2013இல் நிறைவேற்றிய சட்டம் பார்மசிஸ்டுகளை ‘மருத்துவ சேவை வழங்குநர்’ என்று பெயர் சொல்லி அறிவித்தது. கருத்தடை மாத்திரை, புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிகோட்டின் மருந்து, வெளிநாட்டுப் பயணத்துக்கான சில மருந்துகள் ஆகியவற்றை வகுத்த நெறிமுறைப்படி அவர்களே கொடுக்கலாம் என்றது. ஆரிகன் 2015இல் சட்டம் போட்டு, 2016 ஜனவரியிலிருந்து கருத்தடை மாத்திரையையும் தோலில் ஒட்டும் கருத்தடைப் பட்டையையும் பார்மசிஸ்டே எழுதிக் கொடுக்க விட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும், முன்பு மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று வேண்டும் என்று முதலில் ஒரு நிபந்தனை இருந்தது.

எல்லாவற்றிலும் துணிச்சலானது ஐடஹோ. பெரிய நகரங்கள் குறைவு, மலையும் தூரமும் அதிகம், மருத்துவர் பற்றாக்குறை வேறு. மற்ற மாநிலங்கள் மருந்துகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஐடஹோ 2017இல் நோயின் தன்மையை வைத்து வரம்பைக் கட்டியது. புதிதாக நோய் கண்டறியத் தேவையில்லாத நிலை. தானாகவே ஆறக்கூடிய சிறு உபாதை. கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனையால் வழி தெரிந்துகொள்ளும் நோய். உடனே மருந்து கொடுக்காவிட்டால் ஆபத்து என்ற நெருக்கடி. இந்த நான்கில் ஒன்றில் அடங்கினால் பார்மசிஸ்ட் எழுதிக் கொடுக்கலாம். உதட்டுக் கொப்புளம், சிக்கலில்லாத சிறுநீர்ப் பாதைத் தொற்று, ஃப்ளூ போன்றவை இப்படி உள்ளே வந்தன. எந்தெந்த மருந்து என்று வாரியம் பட்டியல் போட வேண்டும் என்பதும் 2019இல் போய்விட்டது. எளிய சோதனை என்பதற்கும் சட்டத்தில் தெளிவான பொருள் உண்டு: 1988இன் ஒன்றிய ஆய்வகச் சட்டம், தவறு நேர வாய்ப்புக் குறைவு என்று கடும் விதிகளிலிருந்து விலக்கிவைத்த சோதனைகள். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் ஸ்ட்ரெப் சோதனை அந்த ரகம். ‘சோதித்து மருந்து கொடுத்தல்’ என்று இப்போது பல மாநிலங்களில் பேசப்படும் சட்டங்கள் இங்கிருந்து கிளைத்தவை. கொலராடோவும் மாண்டனாவும் ஏறத்தாழ இதே வழியில் போயின.

கொரோனா காலத்தில் ஒன்றிய அரசே அவசர அதிகாரத்தில் மாநிலங்களின் தலைக்கு மேல் கை நீட்டியது. 2020 ஆகஸ்டில் 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட பார்மசிஸ்டுகளுக்கு நாடு முழுக்க அனுமதி; 2022 ஜூலையில், சிறுநீரகம், ஈரல் பற்றிய சமீபத்திய பதிவு கையில் இருந்தால் பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை எழுதிக் கொடுக்கவும் அனுமதி. அவசரம் முடிந்த பிறகு, அந்தத் தற்காலிக இடத்தில் எதை நிரந்தரமாக்குவது என்ற பேச்சு மாநிலங்களுக்குத் திரும்பி வந்தது.

எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து. அமெரிக்க மருத்துவர் சங்கம் இதற்கென்றே ‘ஸ்கோப் க்ரீப்’ என்ற சொல்லைப் புழங்குகிறது. இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். வரம்பு என்பதற்கே வயல் வரப்பு என்ற பொருள் உண்டு. பக்கத்து வயல்காரர் மண்வெட்டியால் வருஷத்துக்கு ஒரு சாண் செதுக்கினால் நாலு வருஷத்தில் வரப்பு நம் பக்கம் வந்து நிற்கும். ஆகவே ‘வரப்புச் செதுக்கல்’. கொஞ்சம் குத்தல் உள்ள சொல்தான், ஆங்கிலத்திலும் அப்படித்தான். அவர்களுடைய கவலையை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது: தொண்டை வலி என்று வந்தவருக்கு வேறு ஏதோ பெரிய நோய் இருந்து, அதைக் கடையில் தவறவிட்டால் யார் பொறுப்பு? பார்மசிஸ்டுகளின் பதில், அதனால்தான் சட்டம் எங்களைச் சிறு நோய்களோடு நிறுத்தியிருக்கிறது, சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும் எங்கள் கடமை என்பது.

பார்மசிஸ்டுக்குத் தமிழ்நாட்டில் ‘மருந்தாளுநர்’, இலங்கையில் ‘மருந்தாளர்’. முதலாவதை ‘ந’ போட்டே எழுத வேண்டும். இயக்குநர், ஓட்டுநர் போல ‘நர்’ விகுதி. ‘பார்மசி’யின் கிரேக்க வேரான ‘ஃபார்மக்கோன்’ மருந்து, நஞ்சு, மந்திரம் மூன்றையும் குறித்தது. நம்மிடம் இன்னும் பழைய ஒரு பெயரும் இருக்கிறது. “உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து” என்ற 950ஆம் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக ‘உழைச்செல்வான்’ வருகிறார். உழை என்றால் பக்கம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் செவிலியராக இவரைக் கொள்வோர் உண்டு. பரிமேலழகரோ மருந்தைப் பிழையாமல் இயற்றுவான் என்கிறார். அந்த உரைப்படி பார்த்தால் மருந்தாளுநர் மருத்துவத்தின் கால் பங்கு. அமெரிக்கச் சட்டமன்றங்களில் அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

இதைப் படிக்கும் சென்னைவாசி, நம்ம மெடிக்கல்ல எப்பவும் நடக்கிறதுதானே, காய்ச்சல் என்றால் நாலு மாத்திரை கட்டிக் கொடுத்துவிடுவார்களே என்று சிரிக்கலாம். நடப்பது உண்மை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எச் அட்டவணையில் உள்ள மருந்தை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க இந்திய விதிகளில் இடமில்லை. 1948இன் பார்மசி சட்டப்படி சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநராகவும் இருக்க வேண்டும். ஐடஹோவில் நடந்தது வரம்பு விரிவு. இங்கே நடப்பது வரம்பு மீறல்.

கடைசியாக, இந்தச் சட்டங்களில் கூடவே வரும் இன்னொரு சொல்: ‘ப்ரொவைடர் ஸ்டேட்டஸ்’. இதைத் தொழில் வரம்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வரம்பு, என்ன செய்யலாம் என்பது. இது, செய்ததற்குக் காசு கிடைக்குமா என்பது. ‘வழங்குநர் தகுதி’ எனலாம். வாஷிங்டன் 2015இல், தன் ஆளுகைக்கு உட்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் பார்மசிஸ்டுகளையும் வழங்குநராகச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆனால் முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரின் பி பகுதி ஒன்றிய அரசுடையது. அதன் வழங்குநர் பட்டியலில் உயர்நிலைச் செவிலியர் இருக்கிறார், உணவியல் நிபுணர் இருக்கிறார், பார்மசிஸ்ட் இல்லை. அதனால் மாநிலம் வரம்பை எவ்வளவு அகலமாக்கினாலும், எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து ஆலோசனை சொன்ன பார்மசிஸ்ட், அந்த அரை மணிக்கு மெடிகேரிடம் தன் பேரில் பில் போட முடியாது.