குக்கர் விசில் வரும்வரை

முழங்கால் வலியோடு பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிறவர்கள் பலரும் முதல் நாளே கேட்பது, "எத்தனை நாள் கரண்ட் வைக்கணும் மேடம்?" என்றுதான். கரண்ட் என்று அவர்கள் சொல்லும் மின்சிகிச்சையை வைத்தால் வலி கொஞ்சம் அடங்கும். ஆனால் தேய்மானம் உள்ள முழங்காலுக்கு நீண்ட காலத் துணை, அதைச் சுற்றியிருக்கும் தசைகள், முக்கியமாகத் தொடையின் முன்பக்கத் தசை. அதைப் பலப்படுத்தும் வேலை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்க வேண்டும். அங்கேதான் நின்றும் போகிறது.

பயிற்சிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த முறை வரும்போது கேட்டால், "நேரமே கிடைக்கல" என்று தயங்கிச் சொல்வார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விடியும் முன் எழுந்து மூன்று பேருக்கு டப்பா கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, வேலைக்கும் போய் வருகிற பெண்ணை எப்படி அப்படிச் சொல்வது? அவருடைய நாளில் அந்தப் பயிற்சிக்கென்று ஓர் இடம் இல்லை. தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று நாம் சொல்லும் அந்த அரை மணி, பல வீடுகளில் கிடையவே கிடையாது.

அதனால் தாளை நீட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய நாளைப் பற்றி விசாரிப்பேன். எத்தனை மணிக்குக் குக்கர் வைப்பீர்கள்? சாயங்காலம் சீரியல் பார்ப்பீர்களா? தவறாமல் தினமும் நடக்கிற ஒரு காரியம் எல்லோருக்கும் இருக்கும். பயிற்சியை அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

குக்கரில் விசில் வரும்வரை, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களைப் பத்து முறை தூக்கி இறக்கலாம். இரவு படுக்கையில் கால் நீட்டி உட்கார்ந்ததும், முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடலாம். சீரியலில் விளம்பரம் வந்தால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரலாம். நாற்காலி நகராமல் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். ஆரம்பத்தில் இதில் ஒன்றே ஒன்று போதும். மூன்றையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகவே விட்டுவிடுகிறார்கள்.

இருபத்தோரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சால் நடக்கும் கெடுதல் கொஞ்சமல்ல. இருபத்திரண்டாம் நாளும் பயிற்சி தானாக வரவில்லை என்றால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது போல, அன்றாடம் வரும் ஒரு வேளையோடு சேர்த்து ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அது தானாக வரும் நிலைக்கு எட்ட, சிலருக்கு 18 நாள் போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. அதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு நாள் விடத்தான் செய்யும். மறுநாள் குக்கர் வைக்கும்போது மறுபடி தொடங்குங்கள், சரியா?

உடம்பும் இதே மாதிரி மெதுவாகத்தான் பதில் சொல்லும். முதல் சில வாரங்களில் வருகிற பலம், நரம்புகள் ஏற்கனவே உள்ள தசையை நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர இன்னும் பல வாரங்கள் வேண்டும். "மூணு வாரம் செஞ்சும் ஒண்ணும் தெரியல" என்று விடுகிறவர்கள், பலன் வெளியே தெரியப்போகும் நேரத்தில் விடுகிறார்கள். எனக்கு மிக வருத்தமாக இருப்பது அப்போதுதான்.

அதனால் வலியை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். வலி, தூக்கத்தையும் அன்றைய அலைச்சலையும் பொறுத்து ஏறி இறங்கும். மாதம் ஒருமுறை கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, காலண்டரில் எழுதி வையுங்கள். முதியவர்களின் கால் பலத்தை அறிய நாங்களும் இதைத்தான் செய்து பார்க்கிறோம். தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

எடையும் கொஞ்சம் குறைந்தால் இன்னும் நல்லது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது.

பயிற்சி செய்யும்போது லேசான வலி இருக்கலாம். முழங்கால் வீங்கினாலோ, சூடாகச் சிவந்தாலோ, மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, அல்லது கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாமல், நினைவூட்ட ஆளில்லாமலே கை தானாக அடுப்பு மேடையைப் பிடிக்கிறது என்றால், அப்புறம் இரண்டாவது பயிற்சியைச் சேர்க்கலாம்.