உங்கள் அனிமேஷனைக் கேட்க உங்கள் காது போதாது

1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவி எலிசபெத் நியூட்டன் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணக்குப் போட்டார்கள். தட்டிய 120 பாடல்களில் பிடிபட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் தலைக்குள் வாத்தியங்களோடு முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவர் காதில் விழுவதோ வெறும் டொக் டொக்.

அனிமேஷன் செய்யும் மாணவர் எப்போதும் தட்டுபவர் நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார். வசனத்தை எழுதியவர் அவர், பதிவு செய்தவர் அவர், எடிட் செய்யும்போது அதே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டவரும் அவர். அந்த வரி காதில் விழாவிட்டாலும் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை ஒட்டினார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அந்த ஒலி விடுபட்டதை உணரவில்லை. முதல் முறை கேட்பவருக்கே இப்படி என்றால், வசனத்தை மனப்பாடமாக வைத்திருப்பவரின் காதை எப்படி நம்புவது?

ஆகவே பிறர் கருத்து இந்த வேலையில் ஓர் அளவுகோல். ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். “வசனம் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டு” என்று ஒருவர் சொன்னால் முதல் பாதி தகவல், இரண்டாம் பாதி யோசனை. வயிற்றுவலி என்று சொல்லும் நோயாளியை மருத்துவர் நம்பித்தான் ஆக வேண்டும். மருந்தின் பெயரையும் அவரே சொன்னால் கேட்டுவிட்டுப் பரிசோதனையைத் தொடங்குவார்.

அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். மழைக் காட்சி. பாத்திரம் “தட்டு எங்கே?” என்று கேட்கிறது. படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு எழுதித்தரச் சொன்னால், ஒருவர் ‘கட்டு’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘பட்டு’ என்று எழுதுகிறார். இந்தப் பிழை எங்கே கோளாறு என்று துல்லியமாகக் காட்டிவிடுகிறது. ‘அட்டு’ என்ற பகுதி எல்லோரையும் எட்டியிருக்கிறது. முதல் மெய் மட்டும் போய்விட்டது. உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசைகளில் இருக்கிறது. க, த, ப மூன்றையும் பிரித்துக் காட்டுவதோ, வாய் திறக்கும் கணத்தில் வெடிக்கும் சில மில்லிவினாடிச் சிறு ஒலியும் அதை அடுத்து வரும் விரைவான மாற்றமும்தான். அந்த நுணுக்கத்தின் முக்கியப் பகுதி 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இருக்கிறது. மழையின் ‘ஸ்ஸ்’ ஒலி எல்லா அலைவரிசைகளிலும் பரவி அதே இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதற்கு மறைத்தல் என்று பெயர்.

குரலைக் கூட்டினால் ஓரளவு தெளியும்தான். ஆனால் டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பேசும் நேரத்தில் மட்டும் மழையின் அந்தப் பட்டையை ஈக்குவலைசரில் (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சில டெசிபெல் குறைத்தால் போதும். மழை குறைந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள்.

மறைத்தல் காலத்திலும் நடக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பலத்த ஒலி ஒன்று நின்ற பிறகும் சுமார் 100 முதல் 200 மில்லிவினாடிவரை காது மெல்லிய ஒலிகளுக்கு மந்தமாகவே இருக்கிறது. கதவு படாரென்று சாத்தியதும் வரும் வசனத்தின் முதல் அசை விழுங்கப்படுவது இதனால்தான். வசனத்தை ஐந்து பிரேம் (படத்தின் ஐந்து தனிப்படங்கள் ஓடும் நேரம், சுமார் 200 மில்லிவினாடி) தள்ளிவைத்தால் தீர்ந்தது.

அடுத்து அடிக்கடி வரும் புகார்: “ஏதோ ஒட்டவில்லை.” சொல்பவருக்கே காரணம் தெரியாது. பெரும்பாலும் குற்றவாளி நேரம். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு பிரேம் ஏறத்தாழ 42 மில்லிவினாடி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிவினாடியிலேயே மனிதர்கள் கண்டுகொள்கிறார்கள். பிந்தினால் சுமார் 125 மில்லிவினாடிவரை கண்டுகொள்வதில்லை. இயற்கையில் ஒளி முதலிலும் ஒலி பிறகும் வந்தே பழகியவர்கள் நாம். ஆக, ஒரு பிரேம் முந்துவது மூன்று பிரேம் பிந்துவதற்குச் சமமான தவறு.

காலடி ஓசையில் இதைச் சரிபார்க்க, ஒலிக் கோப்பின் தொடக்கத்தைப் பார்க்காமல் அலைவடிவம் திடீரென்று எழும் முகட்டைப் பாருங்கள். பல கோப்புகளில் முன்னால் சிறு மௌனம் ஒட்டிக்கொண்டிருக்கும். எம்பி3 ஆக மாற்றும்போதும் அது சேர்வதுண்டு. கோப்பின் தலையைப் பிரேமோடு பொருத்தினால் அடி தாமதமாகவே விழும். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்தும் பாணியில் வேலை செய்பவர்கள், பாதம் தரையைத் தொடும் ஓவியத்தின் முதல் பிரேமில் முகட்டை வைக்க வேண்டும்.

உதடுகளுக்கு வேறு கணக்கு. 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் ‘பா’ என்ற ஒலியை ‘கா’ என்று உச்சரிக்கும் முகத்தோடு இணைத்துக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு ‘டா’ என்று கேட்டது. கண் காதைத் திருத்திவிடுகிறது. எல்லா எழுத்துக்கும் வாய் வரைந்து மாளாது. ப, ம வரும் இடங்களில் உதடு மூடினால் மீதியைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார்.

“கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் எடிட்டிங்கில் நேரத்தை வீணாக்க வேண்டாம். திறந்த வெளியில் மைக்கிலிருந்து விலகும் தொலைவு இரட்டிப்பாகும்போது நேரடிக் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள்ளும் குரல் இப்படித்தான் தேய்கிறது, ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி அவ்வளவாகக் குறைவதில்லை. விலக விலக அறைதான் பேசும். குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைச் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். துணிகள் நிறைந்த அலமாரி முன் நின்று, மைக்கை ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து மீண்டும் பதிவு செய்வதே சுருக்கமான வழி.

“உயிரில்லை” என்ற விமரிசனத்துக்கு இயற்பியலில் பதில் குறைவு. குரல் கொடுப்பவர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கும்போது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் சுருதி ஒரேபோல் இறங்கும். செய்தி அறிக்கைபோல் ஒலிப்பது அதனால். வரியை அவர் சொந்தப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள்.

ஒலி விளைவுகளில் “ஆனால் அது உண்மையான ஒலி” என்ற வாதம் செல்லாது. பனியில் நடக்கும் ஓசைக்குத் தோல்பையில் சோளமாவை அடைத்து அமுக்குவது ஃபோலி கலைஞர்களின் (படத்துக்கான ஓசைகளைக் கைப்பொருள்களால் உண்டாக்குபவர்கள்) பழைய உத்தி. கேட்பவருக்குப் பனியாகப்பட்டால் அது பனி. ராட்சதனின் காலடி கைப்பேசியில் காணாமல்போகிறது என்றால், அந்தச் சிறு ஸ்பீக்கரால் 60, 80 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்ப முடியாது என்று பொருள். அதன்மேல் ஒரு சரளைக்கல் நொறுங்கும் ஒலியைச் சேர்த்தால் எடை திரும்பிவிடும்.

கருத்துக் கேட்பதிலும் சிக்கனம் தேவை. ஒருவரின் புதுக்காது ஒரே முறைதான் கிடைக்கும். இரண்டாம் தடவை அவருக்கும் வசனம் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் முதல் வடிவத்தையே போட்டுக் காட்டிவிட்டால், திருத்திய வடிவத்தைச் சோதிக்க ஆள் இருக்காது. இரண்டு, மூன்று பேராகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வடிவத்தையும் புதியதையும் அடுத்தடுத்து ஒப்பிடச் சொல்லும்போது இரண்டின் உரப்பையும் எடிட்டிங் மென்பொருளின் மீட்டரில் சமன்செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் சற்று உரக்க ஒலிப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள்.