கப்பல் டிக்கெட்டில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

சென்ற மாதம் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் ‘சொல்தா’. மகன் பிரான்சில் மார்செய் நகரில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போகிற கையோடு மத்தியதரைக் கடலில் ஏழு இரவு கப்பலில் சுற்றி வரவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கணவர் பைக்குள்ளிருந்து இரண்டு கொட்டேஷன்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் இருந்த தொகை மற்றதைப் போல இரண்டரை மடங்கு.

“கடல் ஒன்றுதான். இறங்குகிற ஊர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படி என்னதான் அம்மா கூடுதலாகக் கொடுக்கிறான்?” என்று என்னைக் கேட்டார்.

புதுச்சேரியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். முன்பெல்லாம் கப்பல் பற்றிக் கேட்க ஆண்டுக்கு நாலைந்து பேர் வருவார்கள். 2022இல் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கிய பிறகு வாரம் ஒருவராவது வருகிறார்கள். 2025 ஜூலையில் அந்தக் கப்பல் நம் ஊருக்கு எதிரே கடலில் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். கேள்வி மட்டும் பெரும்பாலும் இதேதான்: விலை அதிகமான கப்பலுக்கு அந்தக் கூடுதல் காசு தகுமா?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். விலை குறைந்த கப்பலில் பாதுகாப்பும் குறைவாக இருக்குமோ என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பன்னாட்டுக் கடலில் பயணிகளை ஏற்றிச் செல்லும் எல்லாக் கப்பல்களுக்கும் ‘சோலாஸ்’ என்ற ஒரே உடன்படிக்கைதான். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் உருவானது அது. உயிர்காக்கும் படகு, தீத்தடுப்பு, ஏறிய உடனே நடத்தும் அவசரகாலப் பயிற்சி எல்லாம் அதன் கீழ்தான் வருகின்றன. பயணிகள் கப்பல் நிறுவனங்களில் பல, ஒரே குழுமத்தின் பிள்ளைகளும்கூட. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ மூன்றும் ஒரு வீடு. கார்னிவல், பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, சீபோர்ன் இன்னொரு வீடு. கூடுதல் காசு பாதுகாப்புக்காக அல்ல. வேறு எதற்கோ போகிறது.

எதற்கு என்று பார்க்க, அறை வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடுவதை நிறுத்த வேண்டும். விலை குறைந்த கப்பலில் கொட்டேஷனில் தெரிவது அறை, சாதாரண உணவு, பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகள் மட்டுமே. டிப்ஸ், வைஃபை, பானங்கள், சிறப்பு உணவகம், கரைச்சுற்றுலா எல்லாம் கப்பலில் ஏறிய பிறகு உங்கள் கணக்கில் ஒவ்வொன்றாக ஏறும். டிப்ஸ் நம் விருப்பம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பல கப்பல்களில் நாள் ஒன்றுக்குத் தலைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

புரிவதற்காக ஒரு கணக்குப் போடுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் தாளில் உள்ளவற்றை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கப்பலில் ஏழு இரவுக்குத் தலைக்கு 800 டாலர். இன்னொன்றில் 2,100 டாலர். அதில் டிப்ஸ், வைஃபை, பானங்கள், கரைச்சுற்றுலா எல்லாம் அடக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் 1,300 டாலர் வித்தியாசம். இப்போது 800 டாலர் கப்பலில் டிப்ஸ் 126, வைஃபை 140, மூன்று ஊர்களில் சுற்றுலா 270, காப்பியும் ஒருநாள் சிறப்பு உணவகமும் சேர்த்து 110 என்று எழுதிக் கூட்டுங்கள். 1,446 வரும். வித்தியாசம் 654 ஆகச் சுருங்கிவிட்டது. அந்தக் கப்பலில் போகிறவர் தினமும் மாலையில் மது அருந்துபவர், நாளுக்கு 80 டாலருக்குப் பான பேக்கேஜ் எடுக்கிறார் என்றால் இன்னும் 560 சேர்ந்து 2,006 ஆகும். வித்தியாசம் வெறும் 94 டாலர்! அதே கப்பலில் மது தொடாத, வைஃபை வேண்டாம் என்கிற, கரையில் தாங்களே பஸ் பிடித்து ஊர் பார்க்கிற ஒரு தம்பதி போனால் டிப்ஸும் பஸ் கட்டணமும் சேர்ந்தே 986 டாலரில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வித்தியாசம் 1,114. இரண்டு கப்பல்கள், மூன்று குடும்பங்கள், மூன்று விடைகள். ‘எல்லாம் அடக்கம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மயங்காதீர்கள். அடங்கியிருப்பதில் உங்களுக்கு வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். குடிக்காதவர் அந்தக் கட்டணத்தைக் கொடுத்தால் அடுத்த மேசைக்காரரின் ஒயினுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

பான பேக்கேஜில் இன்னொரு சங்கதி உண்டு. பல நிறுவனங்களில், ஓர் அறையில் வயதுவந்த ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் அதே அறையில் இருக்கும் மற்றவரும் எடுத்தாக வேண்டும். கணவர் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்ற நம் வீடுகளில் இது இரட்டைச் செலவு. அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் வேறு. முன்பதிவுக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இப்படி எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் உண்மையான கூடுதல் விலை. அதற்குக் கிடைப்பதில் பெரியது இடம். ஒரு கப்பலை 1,69,000 டன் என்கிறார்கள் அல்லவா, அது எடை அல்ல. கப்பலுக்குள் அடைபட்ட மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலின் டன் ஏறத்தாழ 1,69,000. அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 4,200 பயணிகள். வகுத்தால் 40. ரீஜன்ட் நிறுவனத்தின் செவன் சீஸ் எக்ஸ்புளோரர் ஏறத்தாழ 55,000 டன்தான். ஆனால் பயணிகள் சுமார் 750 பேர். வகுத்தால் 73. இந்த 40க்கும் 73க்கும் இடையிலான வேறுபாட்டைக் காலை உணவுக்குத் தட்டோடு நிற்கும்போதும், கரை இறங்க லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும், நீச்சல்குளத்தருகே நாற்காலி தேடும்போதும் உடம்பு உணரும். விளம்பரத்தில் மின்னுகிற சரவிளக்கை இரண்டாம் நாளே மறந்துவிடுவோம். வரிசை இல்லாததை ஏழு நாளும் உணர்வோம். கூட்டமும் இரைச்சலும் உங்களை வாட்டும் என்றால், சந்தேகமே வேண்டாம், அந்தக் கூடுதல் பணம் தகும்.

நம்மவர்களுக்கு எல்லாம் தகுமா? இங்கேதான் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிக்கு, அமைதியாக இருக்கும் என்று நம்பி, விலை உயர்ந்த சிறிய கப்பல் ஒன்றைச் சிபாரிசு செய்தேன். திரும்பி வந்ததும் அந்த அம்மா எனக்கு ஒரு சிறிய சாக்லேட் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கப்பல் அருமைதான் பாப்பா. பேசத்தான் ஆளில்லை.” இரவு ஒன்பதரைக்கெல்லாம் கப்பல் அடங்கிவிட்டதாம். மாலையில் ஆங்கிலத்தில் வரலாற்றுச் சொற்பொழிவும் பியானோவும். சைவ உணவை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தினமும் அக்கறையாகச் செய்து கொடுத்தார்கள். ஆனால் நான்காம் நாளில் ஒரு கரண்டி ரசத்துக்கு ஏங்கிப் போனாராம். அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கு அது. அவர்களை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அன்றிலிருந்து உணவைப் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: விலை ஏற ஏறச் சைவச் சாப்பாடு நமக்கேற்றபடி ஆகிவிடுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் கூட்டம் கூட்டமாக ஏறுவதால் அங்கே இந்தியச் சமையல் அன்றாட ஏற்பாடாகவே இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஐரோப்பியக் கப்பலில் பாலாடைக்கட்டியும் காளானும் மிக நேர்த்தியாக வரும், சாம்பார் வராது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை இலேசாக எண்ணக் கூடாது.

பெற்றோர் என்றதும் நெல்லிக்குப்பத்துக் குடும்பம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒன்பது பேர், சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு. எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்கு முழங்கால் வலி. அவர்கள் வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று, அறை எண்ணைக் கப்பலே கடைசியில் ஒதுக்கும் வகை டிக்கெட்டை எடுத்துவிட்டார்கள். கிடைத்தது கப்பலின் கடைக்கோடி அறை. முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலில் சாப்பாட்டுக் கூடம் எதிர்க் கோடியில். நடைவழியில் இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்து ஒருநாள் போனார் பாட்டி. பிறகு அறையிலேயே தங்கிவிட்டார். பேரன்கள் தட்டில் சோறு எடுத்து வந்து கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது விலை உயர்ந்த கப்பல் அல்ல. அதே கப்பலில் கொஞ்சம் கூடக் கொடுத்து, லிஃப்டுக்கு அருகே, நடுப்பகுதியில் ஓர் அறை. அவ்வளவுதான்.

நடுப்பகுதி என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஈ.சி.ஆரில் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலிலும் முனைகளில்தான் ஆட்டம் அதிகம். நடுவில், கீழ்த்தளத்தில் குறைவு. குமட்டல் உள்ளவர்கள் மேல்தளத்துப் பால்கனி அறைக்கு அதிகப் பணம் கொடுத்து அதிக ஆட்டத்தை வாங்குகிறார்கள். விலை உயர்ந்த கப்பல்கள் பெரும்பாலும் அளவில் சிறியவை என்பதால், கடல் கொந்தளித்தால் அவை பெரிய கப்பலைவிடக் கூடவே அசையும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கும் நமக்கும் தெரியும். மாதத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இறங்கும் ஊர்களைப் பொறுத்தவரை சிறிய கப்பலுக்கு ஒரு மேன்மை உண்டு: பெரிய கப்பல் நுழைய முடியாத துறைமுகங்களில் அது ஊருக்கு அருகே போய் நிற்கும். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. ரோம் என்று தாளில் போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் போவது இங்கிருந்து சிதம்பரத்தைத் தாண்டிப் போகிற தூரம். வெனிஸில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரின் முகப்பில் உள்ள ஜியுடெக்கா கால்வாயில் 2021 ஆகஸ்டிலிருந்து விடுவதில்லை. விலை உயர்ந்த கப்பல்களிலும் பல அந்த அளவுக்கு மேற்பட்டவைதான். சான்டோரினியில் எந்தக் கப்பலானாலும் நடுக்கடலில் நிறுத்தி, நம் ஊருக்கு வந்த கப்பலிலிருந்து கரைக்கு அழைத்து வந்ததைப் போலவே, படகில்தான் இறக்குகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர் ஆடும் படகில் கால் வைக்க வேண்டியிருக்கும். இப்படிப் படகில் இறக்குவதைக் குறிக்கும் ‘டெண்டர்’ என்ற சொல் எந்த ஊருக்கு எதிரே எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

சிறுபிள்ளைகள் இருந்தால் விடை எளிது: பெரிய, விலை குறைந்த கப்பல்தான். அவர்களுக்கான விளையாட்டிடம் அங்கேதான் இருக்கிறது. வைக்கிங் போன்ற நிறுவனங்கள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஏற்றுவதே இல்லை. பேரனுக்கும் சேர்த்துக் கேட்டு வந்து ஏமாந்தவர்கள் உண்டு. தனியாகப் போகிறவர்கள், பெரும்பாலும் ஒருவருக்கே இருவர் கட்டணம் கேட்பார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

விசா, காப்பீடு இரண்டும் எந்தக் கப்பலுக்கும் பொது. கப்பல் ஒரு நாட்டைவிட்டுப் போய்த் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா வேண்டியிருக்கும். கப்பல் மருத்துவமனை இலவசம் அல்ல. கடலிலிருந்து கரைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தால் செலவு லட்சக்கணக்கில் போகும். காப்பீடு எடுக்காதவருக்கு நான் டிக்கெட் போடுவதில்லை. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு, பணம் கட்டும்போதே டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் முதலில் கையிலிருந்து போகும் பணம் அது. தொகை பெரிதானால் பிடித்தமும் பெரிதாகும்.

லாஸ்பேட்டைத் தம்பதியிடம் கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களைப் பற்றிக் கேட்டேன். எத்தனை மணிக்கு எழுவீர்கள்? மாலையில் ஒரு கோப்பை ஒயின் உண்டா? கூட்டத்தில் சலிப்பு வருமா, தனிமையில் சலிப்பு வருமா? ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? அவர் ஞாயிறு மதியம் மட்டும் ஒயின் அருந்துவாராம். அம்மாவுக்குப் பாட்டும் ஆட்டமும் ஆட்களும் வேண்டும். காலையும் மாலையும் கடற்கரைச் சாலையை ஒருமுறை முழுதாக நடந்துவிடுவார்கள். இருவருக்கும் பிரெஞ்சு தெரியும் என்பதால் எந்த ஊரிலும் வழிகாட்டி இல்லாமல் சமாளித்துக்கொள்வார்கள். விலை அதிகமான தாளில் அவர்களுக்குப் பயன்படுகிறது என்று எங்களால் குறித்துக்காட்ட முடிந்தது, அகலமான அறை ஒன்றுதான்.

விலை குறைந்த கப்பலிலேயே, நடுப்பகுதியில் பால்கனி அறை போட்டோம். மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதிக்கு மார்செய்யில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் அதே கப்பலில் இன்னோர் அறை. அம்மா பக்கத்து அறையாகப் பார்த்துப் போடச் சொன்னார். போட்டாயிற்று.